பூட்டுகிற கை

அவள் இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். ஆனால் நடந்து வந்தால் ஒரு சத்தமும் கேட்காது. சாவிக்குச் சாவி நடுவே பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி வைத்திருப்பாள். முன்னறை மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். மேசைமேல் நிழல் விழும். நிமிர்ந்தால் மதினி நிற்பாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது.

"ஏன் மதினி, சாவிக்குத் துணி சுத்திருக்கிய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்குக் கேக்கிய?" என்றாள்.

எந்தக் கேள்விக்கும் அவளுடைய முதல் பதில் அதுதான். சாப்பிட்டாச்சா என்றாலும் எதுக்குக் கேக்கிய, மழை விட்டுட்டா என்றாலும் எதுக்குக் கேக்கிய. கேட்டவர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவளுக்கு ஒப்பினால் பதில் வரும். பாதிப் பேர் காரணத்தை யோசிக்கும்போதே கேள்வியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாவித் துணிக்கு எனக்கு அன்றைக்கும் பதில் வரவில்லை, பிறகும் வரவில்லை.

பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. இலத்தூரிலிருந்து வந்தவள் என்பதால் இலத்தூர் மதினி என்றார்கள். நாளடைவில் ஊர் உதிர்ந்துபோய் வெறும் மதினி ஆனாள். முதலாளி தவிர எல்லாருக்கும் அவள் மதினிதான்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த லாட்ஜ். முன்வரிசை, மாடி, ஓடையை ஒட்டிப் பின்வரிசை என்று மொத்தம் பதினாறு அறைகள். முதலாளி தென்காசியில் அரிசி ஆலை வைத்திருந்தவர், வாரத்துக்கு இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். மேனேஜர் அவருடைய மச்சினன். நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தவன். தென்காசியிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து குமாஸ்தா வேலை பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. மதினியின் புருஷன் அங்கே வாட்ச்மேனாக இருந்து காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. முதலாளி இரக்கப்பட்டு அவளுக்கு அறை பெருக்குகிற வேலை கொடுத்திருந்தார். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம்.

பெருக்க வந்தவள் கைக்குப் பூட்டெல்லாம் எப்படிப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

முதலில் பூட்டுகிறவர்கள் மூன்று பேர். முன்வரிசைக்கு நான், மாடிக்கு மேனேஜர், பின்வரிசைக்கு ஐம்பது வயதுள்ள ஒரு வேலையாள். அறை காலியானால் கட்டிலுக்கு அடியில் பார்க்க வேண்டும், பின்ஜன்னலைச் சாத்த வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், பூட்ட வேண்டும், முன்னறையில் தொங்கும் சிலேட்டில் காலி என்று எழுத வேண்டும். இதையே மூன்று பேரும் தனித்தனியாகச் செய்தோம். பின்ஜன்னல் விஷயம் பிறகு வந்து சேர்ந்தது. அதை முதலாளி சொன்ன அன்றைக்கு வேலையாள் லீவு. திரும்பி வந்தவரிடம் நான் சொல்லியிருப்பேன் என்று மேனேஜர் நினைத்தார், மேனேஜர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். பத்து நாள் கழித்து கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு வக்கீலுக்குப் பின்வரிசையில் அறையைத் திறந்து காட்டினால், கட்டில் நிறையக் குரங்கு. தலையணைப் பஞ்சு அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. வக்கீல் அப்படியே ஜட்கா வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

அடுத்தது ஏழாம் நம்பர் அறை. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு சாவி உண்டு, ஒன்று என் மேசையில், இன்னொன்று மேனேஜர் மேசையில். சாரல் நன்றாக விழுந்து கூட்டம் நெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலேட்டைப் பார்த்து ஏழாம் நம்பரைச் சிவகாசிக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் சிலேட்டில் எழுத எழுந்தேன். அதற்குள் யாரோ சுடுதண்ணீர் கேட்டு வந்தார்கள், மறந்துவிட்டேன். அவர்கள் சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டு அருவிக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் வந்து பார்த்தார். சிலேட்டில் ஏழு காலி என்றுதான் இருந்தது. தன் சாவியை எடுத்து ராஜபாளையத்துக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் உள்ளே கிடந்த சாமான்களைப் பார்த்து, முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போனது என்று வராந்தாவில் தூக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்துவிட்டார்கள். ஈரத் துணியோடு திரும்பி வந்த சிவகாசிப் பெரியவர் கதவைத் தட்டிய தட்டில் ரோட்டில் போனவர்களெல்லாம் உள்ளே வந்து பார்த்தார்கள்.

மறுநாள் முதலாளி வந்து விசாரித்தார். நான் சிலேட்டைப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்றேன். மேனேஜரும் அதையே சொன்னார். இரண்டும் நிஜம். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, விளக்குமாறோடு கதவோரம் நின்ற மதினி பேசினாள். அவள் தானாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு."

"இவுக மூணு பேரும் பூட்டுதாக, தொறக்காக. மூணு பேருக்கும் அதே அஞ்சு வேலை. நீங்க புதுசா ஒண்ணு சொன்னா மூணு பேர்ட்டயும் சொல்லணும். ஒருத்தருக்கு விட்டுப்போச்சுன்னா அது வெளிய தெரிய பத்து நாளாவுது. மூணு பேர்ட்ட எதுக்குச் சொல்லணும்? என்ட்ட மட்டும் சொல்லுங்க. சாவி பூராத்தையும் என்ட்ட குடுங்க. யாருக்கு அறை வேணும்னாலும் என்னக் கூப்பிடட்டும். தப்பு வந்தா கேக்கதுக்கும் ஒரு ஆளு போதும்லா."

"மூணு பேர் பாக்க வேலைய நீ ஒருத்தி பாப்பியா?"

"மூணு பேரும் எங்க பாத்தாக? மத்தவன் பாத்துக்கிடுவான்னுல்லா மூணு பேரும் இருந்தாக."

முதலாளி சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானமே சாவிகள் கை மாறின.

அதற்குப் பிறகு லாட்ஜில் நாங்கள் யாரும் கதவைப் பூட்டக் கூடாது. அறை வேண்டும் என்றால் மதினியைக் கூப்பிட வேண்டும். அவள் வருவாள், திறப்பாள், உள்ளே பார்ப்பாள், ஒரு சாவியைத் தங்க வந்தவர் கையில் கொடுப்பாள், சிலேட்டில் ஒரு கோடு போடுவாள். எழுதத் தெரியாது, கோடுதான். கோடு இருந்தால் ஆள் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு அறை முடிந்த பிறகுதான் அடுத்த ஆளிடம் திரும்புவாள். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள், முதலாளியே கூப்பிட்டாலும் சரி. கூட்ட நாளில் ஜனங்கள் முணுமுணுப்பார்கள். "ஒருத்திக்காக இத்தன பேர் நிக்கணுமா?" என்று மேனேஜர் எரிந்து விழுவார். நின்றார்கள். ஆனால் ஒரு அறை இரண்டு பேருக்குப் போகவில்லை, ஒரு குரங்கும் கட்டிலில் ஏறவில்லை.

பல வருஷம் கழித்து நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை நிரலில், நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி எங்கள் குழுவுக்கு வந்தது. லாட்ஜ் வேலைதான் அதுவும். ஓடுகிற ஒவ்வொரு நிரலும் இடம் கேட்கும். காலியாக இருப்பதைக் கொடுக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். ஒரே இடம் இரண்டு பேருக்குப் போய்விடாதபடி, கொடுக்கும் அந்த நொடியில் பட்டியலைப் பூட்ட வேண்டும். எங்களுக்கு முன்னால் எழுதியவர்கள், இடம் கொடுக்கும் ஒவ்வொரு வழியிலும் பூட்டு, பார், எடு, திற என்ற அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தார்கள். பதினோரு இடத்தில் அப்படி இருந்தது. அதில் ஒன்றில், இடம் இல்லை என்று பாதியில் திரும்பிவிடும் வழியில், திறக்கும் வரி விட்டுப்போயிருந்தது. எப்போதாவது ஒருதரம் மெஷின் அப்படியே உறைந்து நிற்கும். மூன்று வாரம் தேடினோம். கண்டுபிடித்ததும், அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும் என்றார்கள் கூட இருந்தவர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு இடத்திலும் அழித்துவிட்டு, பூட்டுவதையும் திறப்பதையும் ஒரே இடத்தில் எழுதி, வேண்டியவர்கள் எல்லாம் அதைக் கூப்பிடும்படி மாற்றினேன். எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார்கள். இலத்தூர் மதினியைப் பற்றி அங்கே யாரிடம் சொல்வது.

இப்போது எழுதும்போது அவளைப் புத்திசாலி என்று சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் சந்தேகம்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளும் எங்களை நம்பவில்லை. நான் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம். ஒருநாள் அவள் மூன்றாம் நம்பரைப் பெருக்கித் திறந்து போட்டிருந்தபோது உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் வாசல்படியில் நிற்கிறாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிய மதினி?"

"ஆளு உள்ள இருக்கையில பூட்ட முடியாதுல்லா தம்பி" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் முதலாளி வந்தபோது, சிலேட்டில் கோடு இல்லாத மூன்றாம் நம்பரில் ஒரு மணி நேரம் ஆள் இருந்தது என்று சொல்லிவிட்டாள். யார் என்று சொல்லவில்லை. முதலாளிக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொருநாள் பதினாலாம் நம்பரைப் பூட்டிவிட்டு அவள் படி இறங்கும்போது முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போனாள். என்னைக் கண்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன மதினி என்றேன். எதுக்குக் கேக்கிய என்றாள். அது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அதை மேனேஜரிடம் சொன்னேன்.

மேனேஜர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பூட்டெல்லாம் ஒரே கையில இருந்தா களவும் ஒரே கையிலதாம்வே இருக்கும். அத்தானுக்கு இது புரியல. நீரு கண்ண வச்சுக்கிட்டே இரும்" என்றார். அவருக்குத் தன் சிநேகிதர்களை மாடியில் உட்காரவைத்துச் சீட்டாட முடியாமல் போன கோபம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை வைத்தேன். அவள் எந்த அறைக்குள் போகிறாள், எவ்வளவு நேரம் இருக்கிறாள், வெளியே வரும்போது கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே என் வேலையாகிப் போனது. அவள் அதைக் கண்டுகொண்டாள். என் பக்கம் திரும்பாமலே, என்னால் பார்க்க முடியாத சுவர் ஓரமாக நடக்கத் தொடங்கினாள். இரண்டு சந்தேகங்கள் ஒரு கூரைக்குக் கீழே எதிரெதிராகக் குந்தியிருந்தன.

மூன்றாவது சீசனில்தான் அது நடந்தது.

ஒரு காலைநேரம் காரில் ஒருவர் வந்து இறங்கினார். பட்டு ஜிப்பா, நாற்பது வயது, மேனேஜருக்குத் தெரிந்தவர். கூட ஒரு பெண், பத்தொன்பது இருபது இருக்கும். தலை நிமிரவில்லை. கையில் ஒரு தகரப்பெட்டி. பின்வரிசையில் ஓடையை ஒட்டியிருந்த பன்னிரண்டாம் நம்பரைக் கேட்டார் அவர். மதினி வந்து திறந்து, பார்த்து, சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தார்.

"நான் என் பூட்டத்தான் போடுவேன்."

"இங்கன வெளியாள் பூட்டு போட மாட்டோம் ஐயா" என்றாள் மதினி.

"நீ யாரு?"

"பூட்டுதவ."

மேனேஜர் ஓடி வந்தார். "ஏட்டி, தங்க வந்தவர்ட்ட மல்லுக்கு நிக்காத. அவுக பூட்டு, அவுக பொருளு. ஒன் பூட்ட எடுத்துட்டுப் போ."

"அந்தப் பூட்டுக்கு என்ட்ட சாவி இல்லியே. உள்ள ஏதும்னா நான் எப்படித் தொறக்க?"

"ஒனக்கு எதுக்குத் தொறக்கணும்?"

அவள் தன் பூட்டை நாதாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டு போனாள். சிலேட்டில் பன்னிரண்டுக்கு நேரே கோடு போடவில்லை. என் கையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, "இது என் பூட்டு இல்ல. நீங்களே எழுதிக்கிடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ஜிப்பாக்காரர் காரில் கிளம்பிப் போனதைப் பார்த்தேன். சாயங்காலம் வந்துவிடுவார் என்றார் மேனேஜர். "ரெண்டு பேரும் போயிட்டாகளா?" என்று கேட்டேன். "கதவுல பூட்டு தொங்குதுல்லா" என்றார். சிலேட்டில் வெளியே என்று எழுதினேன். அவர் பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் பார்த்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கார் வரவில்லை. மலையில் மழை கொட்டி, ஓடையில் செந்தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. பின்வரிசைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

அடுத்த நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். மதினி பின்வரிசைப் பக்கமிருந்து வந்தாள். ஒரு கையில் கம்பிப்பாரை. இன்னொரு கையால் இடுப்பில் அணைத்திருந்தது அந்தத் தகரப்பெட்டி. பாரையைச் சுவர் ஓரம் சாத்தி வைத்தாள். நாலாபக்கமும் பார்த்தாள். துவைகல்லுக்குப் பின்னால் குனிந்திருந்த என்னைப் பார்க்கவில்லை. பாக்குத் தோப்பு வழியாக வேகமாக இறங்கிப் போய்விட்டாள். பன்னிரண்டாம் நம்பருக்கு ஓடினேன். நாதாங்கி பிய்ந்து, பித்தளைப் பூட்டோடு கீழே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஒரு தண்ணீர்ப்பானை மட்டும் காலியாக இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் கண்ணை வைத்தது வீணாகவில்லை என்று.

பொழுது சாயும் நேரத்தில் ஜிப்பாக்காரர் வந்தார். கூட இன்னொரு ஆள். அறையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் சத்தம் போடவில்லை. "பெட்டி போச்சு" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, "அவள நேத்தே ஊருக்கு அனுப்பிட்டேன்" என்றார். நேற்றுக் காலையில் காரில் அவர் ஒருவரைத்தானே பார்த்தாய் என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அதை நான் கவனிக்காமல் விட்டேன். அன்றைக்கு என் சந்தேகம் முழுவதும் ஒரே ஆளுக்காகச் செலவாகிவிட்டிருந்தது.

முதலாளிக்கு ஆள் போய், அவர் வந்து சேர்ந்தபோது மதினியும் வந்தாள். முழங்கால்வரை வயல் சேறு. கையில் பெட்டி இல்லை.

"பன்னெண்டாம் நம்பர ஒடச்சது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி."

"எதுக்கு?"

அவள் ஜிப்பாக்காரரையும் கூட வந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெட்டி எங்க?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாலே?"

"பாத்தேன் அண்ணாச்சி. பெட்டியத் தூக்கிட்டுத் தோப்பு வழியாப் போனாங்க."

முதலாளி போலீசுக்குச் சொல்லி அனுப்பலாம் என்றார். ஜிப்பாக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அதெல்லாம் வேண்டாம். பெரிய பொருள் ஒண்ணும் இல்ல." முதலாளி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்து, "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார்.

அவள் சாவிக்கொத்தை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தாள். துணி சுற்றிய சாவிகள், சத்தமில்லாமல் விழுந்தன.

"தம்பி, பன்னெண்டாம் நம்பருக்குச் சிலேட்டுல என்ன எழுதிருக்கிய?"

"வெளியேன்னு."

"யாரு வெளிய போனாகன்னு பாத்தியளா?"

நான் சிலேட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இருட்டோடு கிளம்பிவிட்டாள்.

மறுபடியும் மூன்று பேர் பூட்டினோம். எனக்கு வேலை உத்தரவு இன்னும் வரவில்லை. மூன்று வருஷம் ஓடியது.

சாரல் தொடங்கின ஒரு நாள், ஆசிரியைகள் கூட்டம் ஒன்று பஸ்ஸில் வந்தது. எல்லாரும் அருவிக்குப் போனபிறகு ஒருத்தி மட்டும் பின்தங்கி முன்னறைக்கு வந்தாள். குடையை மடக்கி வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இங்க சாவி வச்சிருந்தாங்களே ஒரு அம்மா, அவங்க இருக்காங்களா?"

மதினியிடம் பாடம் படித்தவன்போல, "எதுக்குக் கேக்கிய?" என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு, "பன்னெண்டாம் நம்பர்ல என்னைப் பூட்டிட்டுப் போயிட்டான் ஒருத்தன்" என்றாள்.

கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று கூட்டி வந்திருக்கிறான். வந்த அன்றைக்கே அவன் பேச்சில், இன்னொருவன் வருகிறான், அவனோடு அனுப்பிவிடப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுதவளை மறுநாள் காலையில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒன்றரை நாள் ஒரு பானைத் தண்ணீரோடு இருந்திருக்கிறாள். கதவைத் தட்டியது ஓடை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"அந்த அம்மா பின்னாடி கம்பி ஜன்னலுக்கு வந்து, உள்ள ஆள் இருக்கான்னு கேட்டாங்க. அவனோட ஆளோன்னு பயந்து நான் பேசல. 'ரெண்டு பேரு உள்ள போனதப் பாத்தேன், ஒருத்தன்தான் வெளிய வந்தான். இருக்கியாட்டி?'ன்னாங்க. அப்பத்தான் அழுதேன். ஒடச்சுத் தெறந்து, என்னை முன்னால போகச் சொல்லிட்டு, பெட்டியை அவங்க எடுத்துட்டு வந்தாங்க. வயல் வழியாவே தென்காசி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் ரயில் ஏத்தி விட்டாங்க. என் பேரைக்கூடக் கேக்கல. நானாச் சொல்லப் போனேன், வேண்டாம்னுட்டாங்க. 'தெரிஞ்சா கேக்கவன்ட்ட சொல்ல வேண்டி வரும்'னாங்க."

அன்றைக்குச் சாட்சி சொன்னவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. மதினி இப்போது இங்கே இல்லை, இலத்தூரில் இருக்கிறாள் என்றேன்.

வெளியே கூட வந்தவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். "எனக்குப் போக நேரமில்ல. நான் நல்லாருக்கேன், ஸ்கூல்ல வேலை பாக்குறேன்னு அவங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க. வேற யார்ட்டயும் சொல்லிராதீங்க சார். அவன் இன்னும் இருக்கான்" என்றாள்.

சொல்லமாட்டேன் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை சைக்கிளை மிதித்து இலத்தூர் போனேன். விசாரித்ததில் குளக்கரைப் பக்கம் கையைக் காட்டினார்கள். மதினி ஒரு களத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூட இரண்டு மூன்று பெண்கள். முன்னைவிட மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் காலால் நெல்லைக் கிளறுவதை நிறுத்தினாள். என்னைத் தாண்டி, ரோட்டில் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள்.

"யாரு அனுப்பி வந்திய?"

"யாரும் அனுப்பல மதினி. நானாத்தான் வந்தேன். அந்தப் பொண்ணு வந்துச்சு."

"எந்தப் பொண்ணு?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "பன்னெண்டாம் நம்பர்ல இருந்த பொண்ணு. எல்லாம் சொல்லிச்சு. நல்லாருக்காம். ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லிச்சு. அன்னைக்கு நான் செஞ்சது தப்பு மதினி. எனக்குத் தெரியாமப் போச்சு."

அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் என் சட்டைப்பையையும், சைக்கிளையும், மறுபடி ரோட்டையும் பார்த்தது. அந்தப் பெண்ணைத் தேடி யாராவது என்னை அனுப்பியிருந்தால், நான் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை நம்பவைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. அவளிடம் ஒரு பெயரைச் சொன்னால்கூட அவளுக்கு அது யாருடைய பெயரும் இல்லை.

"அங்கன பொண்ணுன்னு யாரும் கிடையாது" என்றாள், களத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒத்தப் பெட்டிதான் இருந்துச்சு. நாந்தான் ஒடச்சு எடுத்தேன். வித்துத் தின்னுட்டேன். அதுக்குத்தான் வெளிய அனுப்பிட்டாகளே, இன்னும் என்ன?"

நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். வயதான ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நெசந்தானாய்யா? நாங்க யாரோ பொரளி சொல்லுதாகன்னுல்லா நெனச்சோம். ஒங்க லாட்ஜுலயா களவாண்டா?"

நான் மதினியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதற்காகக் காத்திருந்தாள்.

"ஆமா ஆச்சி" என்றேன். "பெட்டியோட போனத நானே பாத்தேன்."

மதினி குனிந்து நெல்லைக் கிளறத் தொடங்கினாள். நான் சைக்கிளைத் திருப்பினேன்.